சமையலறைப் படியில் மூன்று கித்தாக் கொட்டை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய கடை வரிசையில், தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பிளான் ஆபீஸைப் பற்றித்தான், அதாவது வீட்டு வரைபடம் போட்டுத் தருகிற இடத்தைப் பற்றித்தான் இது. போன மாதம் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, "பின்பக்கத்தை யார் எடுத்துக் கட்டினது, ஆள் எப்படி, எவ்வளவு ஆச்சு, நம்பிப் போகலாமா" என்று கேட்டாள். வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுகொண்டே போனது. வீட்டை எடுத்துக் கட்ட நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

மதிப்பெண் முதலில்: 5-க்கு 4½. அந்த அரை எங்கே போனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊரில் பிளான் ஆபீஸ் என்று சொன்னாலும் அங்கே இருப்பவர் முறையாகப் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ள முடியாது. ஆனாலும் நம் பக்கம் வீட்டில் ஒரு கணினி இருந்தால் போதும், பிளான் போட்டுத் தர ஆள் கிளம்பிவிடுகிறது, அதில் அடிபட்டவள் நான். இவருக்கு 35 வயது இருக்கும், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து மேலே வந்த பெண். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மேல்மாடி ஆபீஸ் என்றால் யாரும் கையைக் காட்டுவார்கள்.

அடிபட்ட கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்களுடையது தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், மாடியில்லாத வரிசை வீடு. அப்பா ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்தபோது சேமநிதிப் பணத்தில் வாங்கியது. சமையலறை பின்பக்கம், மேற்குப் பார்த்தது, மாலை 4 மணிக்கு மேல் அடுப்பை மூட்டாமலேயே அடுப்பு மாதிரி இருக்கும். 2016-இல் வேறு ஊரில் ஒருவரிடம் பிளான் போடக் கொடுத்தோம். அவர் வீட்டைப் பார்க்கக்கூட வரவில்லை, இரண்டே நாளில் தாளை நீட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்துப் பார்க்கிறேன், மூலையில் வேறு யாருடைய லாட் நம்பரோ இருக்கிறது, அழிக்கக்கூட இல்லை. யாருக்கோ போட்ட பிளானை எங்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். கேட்டதற்கு, "வரிசை வீடு எல்லாம் ஒண்ணுதானே" என்றார். கொடுத்த 1,200 வெள்ளி (ரிங்கிட்) போனதோடு நாலு வருடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தோம். அம்மாவுக்கு முட்டி வலி முற்றி, பின்வாசல் படியில் ஒரு நாள் சறுக்கி உட்கார்ந்த பிறகுதான் மறுபடி விசாரிக்கத் தொடங்கினேன்.

மேல்மாடி ஆபீஸுக்குப் போன முதல் நாள், நான் எடுத்துப் போன பழைய பிளானை அந்தப் பெண் வாங்கி மடித்து ஓரமாக வைத்துவிட்டார். "அக்கா, உங்க வீட்ல யார் முதல்ல எழுந்திரிப்பாங்க?" என்று கேட்டார். அம்மா என்றேன். எத்தனை மணிக்கு? நாலரைக்கு. தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போன பழக்கம், மரம் வெட்டுவதை, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை, நிறுத்தி 20 வருடம் ஆகியும் போகவில்லை. எழுந்ததும் முதலில் எங்கே போவார், விளக்கு எங்கே, தண்ணீர் எங்கே சுட வைப்பார், பின்வாசலை எப்போது திறப்பார் என்று இதையெல்லாம் எழுதிக்கொண்டார். எத்தனை அறை வேண்டும் என்று அவர் கேட்டதே மூன்றாவது சந்திப்பில்தான்.

இரண்டாவது முறை அவரே வீட்டுக்கு வந்தார், மாலை 4 மணிக்கு வேண்டுமென்றே. சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு சாக்பீஸ். வெயில் சன்னல் வழியாக வந்து சுவரில் விழுகிற ஓரத்தில் ஒரு கோடு போட்டு 4.10 என்று எழுதினார். அப்புறம் 4.40, அப்புறம் 5.15. வேர்த்துக் கொட்டுகிறது, அம்மா விசிறியைக் கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டார். அந்த மூன்று கோடுகளும் சுவரை இடிக்கிற வரைக்கும் அழியாமல் இருந்தன, நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முன்பு ஒருவர் எங்கள் வீட்டு நம்பரைக்கூடப் பார்க்கவில்லை, இவர் எங்கள் வீட்டு வெயிலை மணி பார்த்துக் குறிக்கிறார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கட்டி முடித்ததை விவரமாகச் சொல்கிறேன், பார்க்க வருகிறவர்கள் கேட்பதே இதைத்தான். அடுப்படியை மேற்குச் சுவரிலிருந்து பெயர்த்து வடக்குப் பக்கம் கொண்டுபோனார். மேற்குச் சுவரின் மேல் பாதியில் சன்னலுக்குப் பதில் துளை வைத்த கல்லை அடுக்கினார், வெளிச்சமும் காற்றும் வரும், வெயில் நேராக முகத்தில் அடிக்காது. கூரையை இரண்டு தட்டாகப் பிரித்து நடுவில் ஓர் அடி இடைவெளி விட்டார், சூடும் தாளிக்கிற புகையும் அதன் வழியாகத்தான் போகிறது. மிளகாய் வறுத்தால் முன்னறையில் இருமல் வருவது நின்றுவிட்டது. பின்வாசலில் முன்பு உயரமாக இரண்டு படி இருந்த இடத்தில் இப்போது ஐந்து அங்குல உயரத்தில் மூன்று அகலப் படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. அம்மா கம்பியைப் பிடிக்காமலேயே இறங்குகிறார். தரைக்கு டைல்ஸ் போடத்தான் நான் நினைத்திருந்தேன், அவர் சிமெண்டையே மெழுகி இழைக்கச் சொன்னார். தோட்டத்துத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டுத் தரை அது. அம்மா முதல் நாளே வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: மெழுகின சிமெண்டில் மஞ்சள் விழுந்தால் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறை போகாது. எங்கள் அடுப்படிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று நிலையாகத் தங்கிவிட்டது.

பிளான், ஊராட்சியிடம் சமர்ப்பிப்பது, எட்டு முறை வந்து பார்ப்பது எல்லாம் சேர்த்து அவருக்கு 6,800 வெள்ளி. கட்டட வேலைக்குக் குத்தகைக்காரருக்கு 78,000. மலிவு என்று சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அவர் கொடுத்த விலைக் கடிதத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: சமையலறைப் பின்படியில் ஆர்க்கிடெக்டின் அடையாளம் ஒன்று இடம்பெறும், வீட்டுக்காரர் விரும்பாவிட்டால் மறுக்கலாம். எனக்குப் புரியவில்லை. பெயர்ப்பலகை மாட்டப் போகிறாரோ, நம் வீட்டில் அவருக்கு விளம்பரமா என்றுதான் முதலில் தோன்றியது, நேரிலேயே கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை, டீயைச் சொல்லிவிட்டு உட்கார வைத்துப் பேசினார். அமெரிக்காவில் பிராங்க் லாயிட் ரைட் என்ற பெரிய ஆர்க்கிடெக்ட், சின்னச் சதுரமாக ஒரு சிவப்பு ஓட்டில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பதித்துச் சில வீடுகளின் சுவரில் வைப்பாராம், எல்லா வீட்டுக்கும் கிடையாதாம், கட்டி முடித்தது தனக்குத் திருப்தியாக இருந்தால்தானாம். பாரிஸில் தெருவில் நடந்து போனாலே பல கட்டடங்களின் சுவரில் வாசலுக்குப் பக்கத்தில் ஆர்க்கிடெக்டின் பெயர் கல்லில் வெட்டியிருக்குமாம். தாஜ் மகாலில் கையெழுத்துப் போட்டிருப்பவர் அதை வரைந்தவர் இல்லையாம், சுவர்களில் குர்ஆன் வசனங்களை அழகெழுத்தில் எழுதிய அமானத் கானாம். அலெக்சாண்ட்ரியாவின் கலங்கரை விளக்கத்தைப் பற்றியும் ஒரு கதை சொன்னார், லூசியன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதி வைத்தது: அதைக் கட்டிய சோஸ்ட்ராடஸ் தன் பெயரைக் கல்லில் வெட்டி, அதன்மேல் சுண்ணாம்பு பூசி, பூச்சின் மேல் அரசன் பெயரை எழுதினானாம், காலப்போக்கில் பூச்சு உதிர்ந்து அவன் பெயர் மட்டும் நின்றதாம். எனக்கு இது ரொம்பப் பிடித்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒளிச்சு வைக்கிறது எனக்கு ஒத்து வராதுக்கா, நான் கடிதத்துலயே எழுதிடுவேன்" என்றார்.

அவர் மேசைக்குப் பின்னால் ஈப்போ ரயில் நிலையத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. எத்தனை தடவை அங்கே ரயில் ஏறியிருக்கிறேன், யார் கட்டியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரராம். கோலாலம்பூர் ஜாமெக் மசூதி 1909, அங்குள்ள பழைய ரயில் நிலையம் 1910, ஈப்போ நிலையம், நம் பக்கத்துக் கோலகங்சார் உபுதியா மசூதி 1917, எல்லாம் அவர் கைதான். "அவர் பேரைச் சுவர்ல தேட வேணாம், அந்தக் குமிழையும் வளைவையும் பார்த்தாலே போதும்" என்றார் இந்தப் பெண். உண்மைதான், இப்போது எனக்கே கண்ணில் படுகிறது. ஆனால் அது தூரத்திலிருந்து பார்க்கிற அடையாளம், ஊருக்கும் ராஜ்யத்துக்கும் காட்டுவதற்கு வைத்தது. நம் சமையலறைக்கு அது எதற்கு என்று கேட்டேன். அதற்கு அவர் ஒரு டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டினார். கித்தாக் கொட்டைகள், ரப்பர் மரத்து விதைகள்தான், ஒரு கைப்பிடி இருக்கும், பளபளவென்று, பழுப்பில் சாம்பல் புள்ளியோடு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய் வெடித்து டப்பென்று கொட்டை தெறித்து விழுகிற ஓசை, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து முஷ்டியால் குத்தி யாருடையது உடையாமல் இருக்கிறது என்று பார்க்கிற விளையாட்டு, சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவள் கையில் வைத்துவிட்டு ஓடுவது. அந்தப் பெண் சொன்ன ஒன்று மட்டும் எனக்குப் புதிது. கொட்டையின் மேலோடு தாய்மரத்தின் பங்காம், மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் ஓடு தாயைப் போலத்தான் இருக்குமாம். அதனால் ஒரு மரத்துக் கொட்டைகள் எல்லாம் உருவத்திலும் புள்ளியிலும் ஒரே சாயலில் இருக்கும், பக்கத்து ரக மரத்துக் கொட்டை வேறு மாதிரி இருக்கும், விவரம் தெரிந்தவர்கள் கொட்டையை வைத்தே இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார்களாம். இதை அம்மாவிடம் வந்து சொன்னேன். "இது தெரியாதா, எங்க நிரைக் கொட்டை சதுரமா இருக்கும், கிராணி வீட்டுப் பக்கத்துக் கொட்டை நீட்டம்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நிரை என்றால் வெட்டுவதற்கு ஆளுக்கென்று ஒதுக்கிய மர வரிசை, கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்.

அந்த ஆர்க்கிடெக்டின் வழக்கம் இதுதான்: ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்ததோ அந்தத் தோட்டத்து மரத்தின் மூன்று கொட்டைகளை, பின்படியின் ஈரச் சாந்தில் அழுத்தி எடுத்து, அச்சை மட்டும் விட்டுவைப்பார். கீழே ஆண்டு. பெயர் கிடையாது. படி எப்போதும் சமையலறைப் பக்கத்துப் படி, முக்கோணமாக மூன்று, எல்லா வீட்டிலும் அதே. அதைத்தான் அவர் தன் கையெழுத்து என்கிறார். வீட்டுக்கு வீடு மாறுவது கொட்டை மட்டும்தான், அது அந்தக் குடும்பத்துடையது. கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஆனால் அம்மா முடியாது என்றுவிட்டார்.

அம்மாவின் நியாயம் வேறு. படி மிதிக்கிற இடம், பால்மரம், அதாவது ரப்பர் மரம், சோறு போட்டது, அதன் விதையை மிதிப்பதா? இன்னொன்று, வாசல் நிலை வைக்கும்போது அடியில் காசும் நவமணியும் வைப்பது உண்டு, வீட்டில் ஏதாவது பதிப்பது என்றால் அது சாமி காரியம், பிளான் போடுகிறவர்கள் செய்கிற வேலை இல்லை. இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாதாடவில்லை. "அம்மா, நீங்க வெட்டின மரத்தைப் பார்த்தா நீங்க வெட்டினதுன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அம்மாவுக்கு வாய் திறந்துவிட்டது. வெட்டு இடமிருந்து வலம் சரிய வேண்டும், சரிவு ஏறினாலும் குறைந்தாலும் பால் கோட்டை விட்டு வழியும், கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டுப் பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வரும், தன் நிரையில் முடிச்சு விழுந்த மரம் விரல் விட்டு எண்ணலாம், பக்கத்து நிரையைப் பார்த்தாலே இன்றைக்கு யார் வெட்டினார்கள் என்று தெரியும் என்று ஒரு மணி நேரம். 31 வருடம் வெட்டியவர். எனக்கு இதில் பாதி அன்றைக்குத்தான் தெரியும், கூடவே இருந்தும் கேட்டதில்லை.

கடைசியில் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். படியின் மேற்பரப்பில் கூடாது, முகப்பில், அதாவது காலை வைக்கிற இடத்துக்குக் கீழே நெட்டாக நிற்கிற பக்கத்தில் வைக்கலாம், யாரும் மிதிக்க மாட்டார்கள். அந்தப் பெண் உடனே சரி என்றார். அதற்குப் பிறகு கட்டிய வீடுகளில் எல்லாம் அங்கேதான் வைக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

கொட்டை கிடைக்க வேண்டுமே. எங்கள் தோட்டம் முழுக்க இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை, மாரியம்மன் கோயிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையின் தூண் இரண்டும்தான் மிச்சம். கோயிலுக்குப் பின்னால் வேலியோரம் ஒரே ஒரு பால்மரம் நிற்கிறது என்று பூசாரி சொன்னார். கொட்டை விழுகிற பருவம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போனோம். அம்மா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பட்டையைத் தடவிப் பார்த்தார், "இதுல நான் வெட்டல" என்றார், ஆனால் யார் வெட்டியது என்று சொன்னார், அந்த அம்மாள் இறந்து பல வருடம் ஆகிறது. சருகைக் காலால் தள்ளித் தள்ளிப் பதினோரு கொட்டை பொறுக்கினோம். வீட்டுக்கு வந்து அதில் மூன்றைத் தேர்ந்தெடுக்க அம்மாவுக்கு ஒரு பொழுது ஆனது.

படிக்குச் சாந்து பூசின அன்று நான் வேலைக்கு விடுப்பு எடுத்துவிட்டேன். கொத்தனார் இந்தோனேசியாக்காரர், அம்மாவை அவர் மொழியில் மாக் (அம்மா) என்றுதான் கூப்பிடுவார். சாந்து ரொம்ப ஈரமாக இருந்தால் அச்சு சரிந்துவிடும், இறுகிவிட்டால் பதியாது. அம்மா கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருக்கிறார், கொத்தனார் கட்டைவிரலை ஓரத்தில் வைத்து வைத்துப் பார்த்து, "பெலும், மாக், பெலும்" என்கிறார், இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். கொட்டையை அப்படியே உள்ளே விட்டுவிடக் கூடாது, ஈரத்தை இழுத்து உப்பிச் சாந்தை வெடிக்க வைத்துவிடும், அதனால் ஆர்க்கிடெக்ட் ஒவ்வொன்றிலும் தேங்காய் எண்ணெய் தடவினார். நேரம் வந்ததும் முதல் கொட்டையை அவர் அழுத்தினார், இரண்டாவதை அம்மா, மூன்றாவதை என்னை வைக்கச் சொன்னார்கள். அரை மணி கழித்து எடுக்க வேண்டும், நகம் பட்டால் ஓரம் உடையும். அம்மா மாராப்பில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார், அந்த ஊக்கின் முனையால்தான் ஆர்க்கிடெக்ட் மூன்றையும் நெம்பி எடுத்தார். கொட்டையின் நிறமோ புள்ளியோ சாந்தில் வராது, உருவம்தான் வரும். வந்திருக்கிறது, வயிற்றுப் பக்கத்துத் தட்டையும் நடுக்கோடும்கூட. அம்மா வைத்தது மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் ஆழம்.

வீடு முடிந்ததும் அந்தப் பெண் சொன்ன இடங்களைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோலகங்சாரில் வேலி போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிற பழைய ரப்பர் மரத்தடியில்தான் அம்மா ரொம்ப நேரம் நின்றார். 1877-இல் 22 கன்று சிங்கப்பூருக்கு வந்து, அதில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள், அதில் மிஞ்சியது இது. பத்து காஜாப் பக்கம் கெல்லி கோட்டைக்கும் போனோம். கோட்டையை எல்லோரும் பார்ப்பார்கள், முடிக்காமல் விட்ட மாளிகை, வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததோடு வேலை நின்றது. நீங்கள் போனால் பக்கத்திலிருக்கிற மாரியம்மன் கோயிலைக் கட்டாயம் பாருங்கள். விஷக்காய்ச்சலில் கூலியாள்கள் செத்துக்கொண்டிருந்தபோது கோயில் கட்டினால்தான் சரிப்படும் என்று ஆள்கள் கேட்க, துரை கட்டிக் கொடுத்தது. மேலே தெய்வங்களோடு துரையின் உருவத்தையும் நம் ஆள்கள் வைத்துவிட்டார்கள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவரை வச்சாங்க சரி, வச்சவன் பேரு எங்க?" என்றார். வைத்தவர் பெயர் எங்கேயும் கண்ணில் படவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் பெயர் மட்டுமா இருக்கிறது, தச்சரின் பெயரும் இருக்கிறது, குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும், எந்தச் சேரி, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடம் ஆகிவிட்டது. எங்கள் லயத்தில் கதவுக்கு மேலே தாரில் 14 என்று எழுதியிருந்தது, அதுதான் நாங்கள் இருந்ததற்கு அடையாளம், லயத்தை இடித்தபோது அதுவும் போய்விட்டது. பாட்டி, அம்மா, அவர்கள் காலத்து ஆள்கள் இந்த மாநிலத்தில் பாதிக் காட்டை அழித்து நட்டு வெட்டினார்கள், அவர்கள் கைபட்டதற்குச் சாட்சியாக இருந்த பட்டையும் மரத்தோடு போய்விட்டது. அதனால்தான் இந்த மூன்று அச்சும் எனக்கு அலங்காரமாகத் தெரியவில்லை. ஆர்க்கிடெக்ட் தன் கையெழுத்தைப் போடும்போது மரம் வெட்டினவர் விரலையும் வீட்டில் வாழ்கிறவர் விரலையும் சேர்த்துக்கொண்டார், அவர் ஒருவர் பெயரை மட்டும் பித்தளைத் தகட்டில் அடித்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அடையாளத்தின் இன்னொரு பயன் நவம்பர் மழையில் தெரிந்தது. புதுக் கூரைத் தகடு பழைய ஓட்டோடு சேருகிற இடத்தில் ஒழுக ஆரம்பித்தது, சரியாக அரிசிப் பானைக்கு மேலே. சனிக்கிழமை இரவு படம் எடுத்து அனுப்பினேன், ஞாயிறு காலை 8 மணிக்கு ஏணிக்காரரோடு வந்து நிற்கிறார். கூரை மேல் ரப்பர் குழாயால் முக்கால் மணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்த்ததில், தகட்டின் மேட்டில் முடுக்க வேண்டிய ஸ்க்ரூவைப் பள்ளத்தில் முடுக்கியிருந்தது தெரிந்தது. தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை. குத்தகைக்காரரை வரவழைத்து அந்த வரிசை முழுவதையும் மாற்ற வைத்தார், எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. நன்றி சொன்னேன். படியைக் காட்டி, "அதைப் போட்டுட்டேன்ல அக்கா, இனி இங்க ஒழுகினா என் வீட்ல ஒழுகின மாதிரி" என்றார். அதற்குப் பிறகு ஒழுகவில்லை, இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டோம்.

குறை என்று பார்த்தால், அனுமதி கிடைக்க மூன்று மாதம் என்றார், ஐந்தாகிவிட்டது. தாமதம் அவரால் இல்லை, ஆனால் நடுவில் என்ன நிலவரம் என்று தானாகச் சொல்ல மாட்டார், நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை போனை எடுக்கவே மாட்டார். பிளானில் மூன்று முறை திருத்தம் சும்மா, நாலாவதுக்கு 300 வெள்ளி, இதை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம். மேல் அலமாரியை என் உயரத்துக்கு வைத்துவிட்டார், அம்மாவுக்கு எட்டவில்லை, காலையில் முதலில் எழுபவர் யார் என்று அவ்வளவு கேட்டவர் இதில் கோட்டை விட்டதுதான் எனக்கு ஆச்சரியம். பிறகு தச்சரை வைத்து இறக்கினோம், அந்தச் செலவு எங்களுடையது. அரை மதிப்பெண் போனது அந்த அலமாரிக்காக.

ஊரில் இப்போது பின்பக்கச் சந்தில் நடந்தால் என் கண் தானாகப் படிக்குப் போகிறது. இதுவரை எட்டு இடத்தில் அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டேன், ஒரு பல் டாக்டர் கிளினிக், ஒரு கோயிலின் மடப்பள்ளி, மற்றது எல்லாம் வீடு. நீட்டக் கொட்டை, உருண்டைக் கொட்டை என்று ஒன்றுபோல் ஒன்று இல்லை. அம்மா ஒரு வீட்டுப் படியைப் பார்த்துவிட்டு இவர்கள் எந்தத் தோட்டத்து ஆள்கள் என்று சொன்னார், விசாரித்தேன், அதேதான்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை காலை போங்கள், அன்றைக்கு வெளிவேலைக்குப் போக மாட்டார். வீட்டுப் பழைய பிளான் நகலும் நிலவரி ரசீதும் கையில் இருக்கட்டும். படி ரொம்பச் செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், சொன்னால் அவரே வீட்டுக்கு வருவார். உங்கள் தோட்டத்தில் எங்கேயாவது ஒரு பால்மரம் மிஞ்சியிருந்தால், கொட்டை விழுகிற பருவத்தில் நாலு பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் டப்பாவில் இருப்பது வேறு யாருடைய தோட்டத்துக் கொட்டையோ, அதை உங்கள் படிக்கு வைக்க மாட்டார்.